குடுவைச்செடியிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை

லூதியானாவிலிருந்து அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு மாத்திரைப் புட்டி. பப்பாளி, அன்னாசி, முளைகட்டிய பார்லி என்று பச்சை எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். தாவர நொதிகள் குடல் செல்களை அழற்சியிலிருந்து காக்கும் என்று மேலே ஒரு வாசகம். அதற்குக் கீழே அக்காவின் கேள்வி: "தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடி இதுல ரெண்டு போட்டுக்கிட்டா குட்டி தாராளமா ரொட்டி சாப்பிடலாமாம். வாங்கட்டுமா?"

குட்டி அவள் மகள். அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பது ஏழு வயதில் தெரியவந்தது. பஞ்சாபில் வளரும் பிள்ளை, தோழிகள் எல்லாம் டிபன் டப்பாவில் பராத்தா கொண்டுவரும்போது இவள் மட்டும் இட்லியோ கேழ்வரகு தோசையோ கொண்டுபோகிறாள். அம்மாவுக்கு ஆசை இருக்காதா?

"வாங்காதே" என்று அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விட மனம் வரவில்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் எடுக்கிறவன் நான். அந்தப் புட்டியின் மேல் எழுதியிருப்பதற்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது. பப்பாளிப் பாலில் தொடங்கி, முளைவிடும் பார்லி வழியாக, பூச்சி தின்னும் செடி வரைக்கும் போகிற ஆராய்ச்சி. அது அக்காவுக்கும் தெரியவேண்டும், அவளைப்போல் கேட்கிற மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்றுதான் இந்த நீளமான பதிவு.

முதலில் நோயைப் பற்றி. சீலியாக்கைக் கோதுமை ஒவ்வாமை என்று பலரும் சொல்கிறார்கள். அது ஒவ்வாமை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதத் தொகுதி இருக்கிறது. அதற்கு எதிராகக் கிளம்பும் நோயெதிர்ப்பு மண்டலம், போகிற வழியில் தன் சொந்தச் சிறுகுடலையே சிதைத்துவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் சத்தை உள்ளே இழுப்பவை. அவை தேய்ந்து தட்டையாகிப் போனால், எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. குட்டிக்கு அப்படித்தான் இருந்தது. விட்டு விட்டு வரும் பேதி, உப்பிய வயிறு, எந்த டானிக்குக்கும் ஏறாத ஹீமோகுளோபின், வகுப்பிலேயே குட்டையான பிள்ளை. பூச்சி மருந்து கொடுத்துக் கொடுத்தே வெகுகாலம் போனது. பிறகு ஒரு குழந்தை மருத்துவர் டி.டி.ஜி. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

இதற்கு இன்றுவரை ஒரே வைத்தியம்தான்: குளூட்டன் ஒரு துளியும் இல்லாத சாப்பாடு, வாழ்நாள் முழுக்க.

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த கதை நெதர்லாந்தில் நடந்தது. வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், ஹேக் நகரத்தில் வேலை பார்த்தவர், 1930களிலேயே ரொட்டியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டியே கண்ணில் படாத அந்த மாதங்களில், ஊரே வாடிக்கொண்டிருக்க, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடு இதை நிறுவியது. அதற்கு முன், 1924-லிருந்து, நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் சொன்ன வாழைப்பழ உணவுமுறைதான் உலகமெங்கும் பெயர்பெற்றிருந்தது. வாழைப்பழம் சாப்பிட்ட பிள்ளைகள் தேறியது உண்மை. தட்டில் ரொட்டி இல்லாமல் போனதால்தான் தேறினார்கள் என்பது டிக்கேவுக்குப் பிறகே புரிந்தது.

சரி, கோதுமைப் புரதத்தில் அப்படி என்ன இருக்கிறது? 1959-இல் இங்கிலாந்தில் ஃப்ரேசர் குழுவினர் குளூட்டனை எடுத்து, பெப்சின், டிரிப்சின் என்ற இரண்டு செரிமான நொதிகளால் வெளியிலேயே செரிக்கவைத்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் குடல் பாதிக்கப்பட்டது. வயிறும் கணையமும் செய்கிற வேலை முடிந்த பிறகும் தப்பிப் பிழைக்கிற ஏதோ ஒரு துண்டுதான் விஷம் என்று இதிலிருந்து தெரிந்தது. ஆகவே, அந்தத் துண்டை வெட்டும் நொதி மற்றவர்களுக்கு இருக்கிறது, சீலியாக்காரர்களுக்கு மட்டும் இல்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். பால் செரிக்காதவர்களுக்கு லாக்டேஸ் குறைவாக இருப்பதுபோல இதுவும் இருக்கும் என்று நினைத்தது நியாயமான ஊகம்தான். இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் தீர்ந்ததல்லவா?

இங்கேதான் பப்பாளி வருகிறது.

பப்பாளிக்காயை நம் சமையலறைக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முற்றின ஆட்டுக்கறி வேகாது என்று தெரிந்தால் இரண்டு துண்டு பப்பாளிக்காயைக் கறியோடு போடுவது எங்கள் அம்மா காலத்து வழக்கம். காயைக் கீறினால் வடியும் வெள்ளைப் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. அது கறியின் புரதத்தை அறுத்து மெத்தென்று ஆக்கிவிடும். தமிழ்நாட்டில் இந்தப் பாலுக்காகவே பப்பாளி பயிரிடுகிறவர்கள் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5, கோ 6 ரகங்கள் பப்பைன் எடுக்கத் தோதானவை. இரண்டரை, மூன்று மாதக் காயில், விடிகாலையில், தோலை மட்டும் தொடும் ஆழத்துக்கு நீளவாக்கில் கீறுவார்கள். வடிந்து உறையும் பாலைச் சேர்த்து உலர்த்தித் தூளாக்கி அனுப்புவார்கள். சில நாள் விட்டு அதே காயில் வேறு இடத்தில் மறுபடி கீறுவார்கள். கீறல் விழுந்த காய் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பழுத்தால் தின்ன ஒரு குறையும் இல்லை.

1976-இல் மெஸ்ஸர், ஆண்டர்சன், ஹப்பர்ட் என்ற மூவர் 'கட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுத்திகரிக்காத பப்பாளி நொதியோடு குளூட்டனைச் சேர்த்து வைத்தால், அது சீலியாக்காரர்களுக்குச் செய்யும் கேடு போய்விடுகிறது என்பதை எடுத்துக்கொண்டு, ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை. பப்பாளிப் பால் ஒரே ஒரு நொதியல்ல, பல நொதிகளின் கலவை. அதில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறிவைக்கும் இன்னொரு நொதியின் மீது அவர்கள் கவனம் போனது. அதே ஆண்டு, ஒரு நோயாளிக்குப் பப்பைனை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த சிறு குறிப்பு லான்செட்டில் வந்தது.

எனக்கு இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு ஏக்கம் வரும். ஏனென்றால் இந்த நூல் அங்கேயே அறுந்துவிட்டது. கோதுமையை நிறுத்திக் குடல் ஆறியதும் நோயாளிகளின் குடல் நொதிகள் எல்லாரையும்போல ஆகிவிடுவது தெரிந்தது. ஆக, நொதி குறைந்தது நோயின் விளைவே தவிர, காரணம் இல்லை. 'நொதி இல்லாத நோய்' என்ற கருத்து செல்லாமல் போனது. அதோடு சேர்த்து, நொதி கொடுத்து உதவலாம் என்ற யோசனையையும் பெரும்பாலோர் கைவிட்டார்கள். ஆராய்ச்சி முழுக்க நோயெதிர்ப்புப் பக்கம் திரும்பியது. அதிலும் பெரிய பலன் கிடைத்தது. 1997-இல் ஜெர்மனியில் டீட்ரிச், ஷுப்பான் குழுவினர், நோயாளிகளின் உடம்பு எந்தச் சொந்தப் புரதத்தை எதிர்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் டிரான்ஸ்குளூட்டமினேஸ், சுருக்கமாக டி.டி.ஜி. குட்டிக்கு எடுத்த ரத்தச் சோதனை அங்கிருந்து பிறந்தது.

நொதிகளை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தது 2002-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரான சைதன் கோஸ்லாவும், நார்வேயின் லுட்விக் சொல்லிடும் சேர்ந்து செய்த வேலை. கோஸ்லாவின் குடும்பத்திலேயே சீலியாக் உண்டு. அவர்கள் குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடினை வயிற்று நொதி, கணைய நொதிகள், குடல்சுவர் நொதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு அப்படியே நின்றது.

அந்த 33-இல் 13 புரோலின், 10 குளூட்டமின். கதையின் சாவி இதில்தான் இருக்கிறது. புரோலின் மற்ற அமினோ அமிலங்களைப்போல வளைந்து கொடுக்காது. இருக்கும் இடத்தில் சங்கிலியையே மடக்கி விறைப்பாக்கிவிடும். கரும்பில் கணு இருக்கும் இடத்தில் பல் இறங்காததுபோல, புரோலின் இருக்கும் இடத்தில் நம் பெப்சினும் டிரிப்சினும் இறங்குவதில்லை. கணுவே நெருக்கமாக அமைந்த துண்டு என்றால் எப்படி இருக்கும்?

அந்தத் துண்டை வெட்டும் நொதி சீலியாக்காரர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. மனித இனத்திலேயே யாருடைய வயிற்றிலும் அதற்கான கத்தி கிடையாது. தினம் பரோட்டா சாப்பிடுகிறவர் குடலிலும் அந்தத் துண்டு இருக்கிறது, அவருக்கு அது ஒன்றும் செய்வதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. 1970களில் தேடியவர்கள் சரியான இடத்தில்தான் தேடினார்கள். ஆனால் நோயாளிக்கும் மற்றவர்க்கும் நடுவே இருக்கும் குறையாக அதைத் தேடினார்கள். அது மனிதருக்கும் தாவரத்துக்கும் நடுவே இருக்கும் குறை.

அந்தத் துண்டு சீலியாக் குடலில் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டால், 'குடல் செல்லைக் காப்பது' என்றால் என்ன என்பது தெளிவாகிவிடும். செரிக்காத துண்டு சிறுகுடலின் மேல்படலத்தைத் தாண்டி உள்ளே நுழைகிறது. அங்கே இருக்கும் டி.டி.ஜி., காயம்பட்ட திசுவைச் சீர்செய்வதில் உதவும் சாதுவான நொதி, துண்டில் இருக்கும் சில குளூட்டமின்களைக் குளூட்டமேட்டாக மாற்றுகிறது. இதனால் துண்டுக்கு எதிர்மின் தன்மை வருகிறது. எச்.எல்.ஏ.-டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்பு செல்களில் அந்தத் தன்மைக்குப் பொருத்தமான பள்ளம் ஒன்று இருக்கிறது. துண்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்ததும் டி செல்கள் விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரான்-காமா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. இன்னொரு பக்கம் இன்டர்லூகின்-15 பெருகி, குடல் படலத்துக்குள்ளேயே குடியிருக்கும் லிம்போசைட்டுகளை உசுப்பிவிடுகிறது. அவை பக்கத்தில் இருக்கும் குடல் செல்களையே கொல்கின்றன.

இந்தச் சங்கிலி தொடங்கிவிட்ட பிறகு நொதி மாத்திரையால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. சீலியாக்கில் தாவர நொதி குடல் செல்லைத் தொடுவதே இல்லை. அதற்கு மேல்பூச்சு பூசுவதும் இல்லை, வலுவூட்டுவதும் இல்லை. செல்லிடம் போய்ச் சேரும் முன்னாலேயே அந்தத் துண்டைச் சின்னாபின்னமாக்க வேண்டும். ஒன்பதே அமினோ அமிலம் நீளமுள்ள பகுதி அந்தப் பள்ளத்தில் உட்காரப் போதும் என்பதால், பாதி வெட்டுவது வெட்டாததற்குச் சமம். அதற்கு இருக்கும் இடம் வயிறு, இருக்கும் அவகாசம் சாப்பாடு வயிற்றில் தங்கும் நேரம். அங்கே கடும் அமிலம். பெப்சின் வேறு, எந்தப் புரதம் வந்தாலும் அறுக்கக் காத்திருக்கிறது. நொதியும் ஒரு புரதம்தானே? பப்பைனுக்கு நடுத்தரமான சூழல்தான் பிடிக்கும், கடும் அமிலத்தில் அதன் வடிவமே குலைந்துவிடும். கறிச்சட்டியில் அது காட்டுகிற வீரத்தை வயிற்றில் எதிர்பார்க்க முடியாது.

பிறகு எந்தத் தாவரத்திடம் போவது? கோஸ்லாவின் குழு போனது பார்லியிடம்.

எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். பார்லியும் சீலியாக்காரர்களுக்கு ஆகாத தானியம்தான். அதன் சேமிப்புப் புரதமான ஹார்டினும் குளூட்டன் குடும்பம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் புரதம் எதற்காக மணிக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது? முளைக்கும் கன்றுக்கு உணவாக. அப்படியென்றால் முளைவிடும்போது அதை உடைக்கும் கருவியையும் செடியே வைத்திருக்க வேண்டுமல்லவா? வைத்திருக்கிறது. முளைவிடும் பார்லி மணி ஈ.பி.-பி2 என்ற நொதியைச் சுரக்கிறது. அது குளூட்டமினுக்கு அடுத்த இடத்தில் வெட்டும். அமிலம் பட்டால் தன் முன்பகுதியைத் தானே கழற்றிப்போட்டு வேலைக்குத் தயாராகும். பெப்சினுக்கும் எளிதில் மசியாது. வயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கேட்க முடியும்? குளூட்டமின் பக்கத்தை இது வெட்ட, புரோலின் பக்கத்தை வெட்ட ஒரு பாக்டீரியா நொதியைத் துணை சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்த மருந்துக்கு முதலில் ஏ.எல்.வி.003 என்றும், பின்னால் லாட்டிகுளூட்டனேஸ் என்றும் பெயர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முளைகட்டிய கோதுமையோ, பார்லி மால்ட்டோ, மால்ட் கலந்த சத்துபானமோ சீலியாக்காரர்களுக்கு ஆகும் என்று இதற்குப் பொருளில்லை. முளைக்கும்போது குளூட்டனில் ஒரு பங்குதான் உடைகிறது, மிச்சம் இருப்பதே தாராளமாகக் குடலைக் கெடுக்கும். ஆய்வகத்தில் நொதியை மட்டும் தனியாக உண்டாக்கிக் கொடுப்பது வேறு, முளைகட்டிய தானியத்தைத் தின்பது வேறு.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் வரலாறு ஏற்றமும் இறக்கமுமாக இருக்கிறது. 2014-இல் பின்லாந்தில், குடல் நன்றாக ஆறியிருந்த சீலியாக்காரர்கள் தாங்களாகவே முன்வந்து தினமும் 2 கிராம் குளூட்டனை 6 வாரம் சாப்பிட்டார்கள். பாதிப்பேருக்கு உண்மையான நொதி, மீதிப்பேருக்கு வெற்றுத்தூள். வெற்றுத்தூள் எடுத்தவர்களின் குடலுறிஞ்சிகள் தேய்ந்தன. நொதி எடுத்தவர்களுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆறிய புண்ணை மறுபடி கிளறிக்கொள்ளச் சம்மதித்த அந்த மனிதர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

அடுத்தது பெரிய சோதனை, 494 பேர், முடிவு வந்தது 2017-இல். பத்தியம் இருந்தும் குடல் ஆறாமல் அவதிப்படுகிறவர்களுக்கு நொதி உதவுமா என்று பார்த்தார்கள். நொதி எடுத்தவர்களும் தேறினார்கள், வெற்றுத்தூள் எடுத்தவர்களும் அதே அளவு தேறினார்கள். சோதனையில் சேர்ந்துவிட்டோம் என்றதுமே ஆளாளுக்குச் சாப்பாட்டில் கூடுதல் கவனம் வந்துவிட்டதுதான் காரணமாக இருக்கும் என்பது நிபுணர்களின் விளக்கம். வயிற்றுக்குள் குளூட்டனே போகாதபோது நொதிக்கு வெட்ட என்ன இருக்கும்? அதனால் 2022-இல் வெளிவந்த அடுத்த சோதனையில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மறுபடி தினம் 2 கிராம் குளூட்டன் கொடுத்து, மேற்பார்வையோடு பார்த்தார்கள். இந்த முறை நொதி எடுத்தவர்களின் குடலில் சேதம் தெளிவாகக் குறைந்திருந்தது, உபாதைகளும் குறைவு.

2 கிராம் என்ற எண்ணை அக்கா மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 30 கிராம் ஆட்டாவில் செய்த ஒரே ஒரு சப்பாத்தியில் குளூட்டன் தோராயமாக இரண்டரை கிராம் இருக்கும். இந்த மருந்து, அதுவும் இன்னும் சோதனை நிலையில் இருக்கும்போதே, தாங்கிக் காட்டிய அளவு ஒரு சப்பாத்திக்கும் குறைவு. இன்னொரு எண்: 2007-இல் இத்தாலியின் கட்டாசி குழுவினர், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் சாப்பிட்டாலே குடலுறிஞ்சி பாதிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். ஒரு சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆக, இந்த நொதிகளின் உண்மையான பயன், கல்யாண வீட்டில் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடும் அந்த ஐம்பது, நூறு மில்லிகிராமிலிருந்து காப்பாற்றுவதுதான். ஆசைக்கு ரொட்டி தின்ன வழிசெய்வது இதன் நோக்கமே இல்லை.

இனி குடுவைச்செடி. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே பாதி இதைச் சொல்வதற்காகத்தான்.

நெப்பந்திஸ் என்ற இந்தச் செடி சத்தில்லாத மண்ணில் வளர்வது. இலை நுனி நீண்டு, மூடி வைத்த ஒரு குடுவையாக முடியும். வழுக்கும் விளிம்பில் கால்வைத்த எறும்பும் ஈயும் உள்ளே விழும். உள்ளே இருப்பது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, செடி சுரக்கும் அமிலச் செரிமான நீர். 1874-லேயே ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர், முட்டையின் வெள்ளைக்கருவையும் இறைச்சியையும் இந்தக் குடுவைகளில் போட்டுப் பார்த்து, இவை நிஜமாகவே செரிக்கின்றன என்று பெல்ஃபாஸ்டில் ஒரு கூட்டத்தில் பேசினார். இலங்கையின் ஈரக்காடுகளில் மட்டும் வளரும் ஓர் இனம் உண்டு. இந்தியாவில் மேகாலயாவின் மலைகளில் நெப்பந்திஸ் காசியானா இருக்கிறது. அருகிவரும் இனம், பாதுகாக்கப்பட்டது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்ரீமர் என்பவர் இந்தக் குடுவை நீரை வேறொரு காரணத்துக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தார். புரதங்களின் அமைப்பை ஆராயும் அவருடைய கருவிக்கு, கடும் அமிலத்திலும் வேலைசெய்யும் நொதி தேவைப்பட்டது. வெட்டப்பட்ட துண்டுகளைப் பார்த்தபோது, இந்த நீர் புரோலினுக்குப் பக்கத்தில் சகஜமாக வெட்டுகிறது என்று தெரிந்தது. பெப்சின் தயங்கி நிற்கிற அதே இடம்! அதிலிருந்து குளூட்டனுக்குப் போக அதிக தூரமில்லை. கண்ணாடி வீட்டில் வளர்த்த கலப்பினச் செடிகளின் நீரைக் கிளையாடினில் ஊற்றினார்கள்; மிகச் சிறு அளவிலேயே பொடிப்பொடியாக வெட்டித்தள்ளியது. 2016-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், மனித டி.க்யூ.8 மரபணு ஏற்றிய சுண்டெலிகளில், இப்படிச் செரிக்கவைத்த கிளையாடின் குடலில் உண்டாக்கிய அழற்சி குறைவாக இருந்ததைக் காட்டினார்கள். புரோலினை வெட்டும் அந்த நொதிக்கு நெப்ரோசின் என்று பெயர் வைத்தார்கள். 2022-இல் பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள்; 33 அமினோ அமிலத் துண்டை வயிற்று அமிலத்திலேயே அது வெட்டுவதும் அந்த வேலையில் உறுதியானது.

ஒரு செடி, தன் இலையையே வயிறாக்கிக்கொண்ட செடி, பூச்சியைச் செரிப்பதற்காக உருவாக்கிய கத்தி, மனித வயிற்றால் முடியாத வெட்டை அதே அமிலத்தில் செய்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்பெஞ்சில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். இவை எல்லாம் சோதனைக்குழாயிலும் சுண்டெலியிலும் கிடைத்த முடிவுகள் என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். காட்டில் போய்க் குடுவையைப் பறிக்க யாரும் கிளம்பிவிட வேண்டாம். நெப்ரோசினை ஆய்வகச் செல்களிலேயே உண்டாக்க முடியும்.

புட்டியில் அன்னாசியும் இருந்ததே, அதைப் பற்றியும் சுருக்கமாக. அன்னாசியின் புரோமிலைன் வேறு வழியில் வேலைசெய்வது. அதன் ஆராய்ச்சியும் வேறு நோயில், பெருங்குடல் அழற்சியில் நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லாரா ஹேல் என்பவர் குடலழற்சி வரும்படி வளர்த்த சுண்டெலிகளுக்கு இதைக் கொடுத்து, அழற்சி குறைந்ததை 2005-இல் எழுதினார். வெள்ளணுக்களின் மேற்புறத்தில் இருக்கும் சில மூலக்கூறுகளைப் புரோமிலைன் செதுக்கி எடுத்துவிடுவதால், அவை அழற்சி இடத்துக்குப் படையெடுப்பது குறைகிறது. 2010-இல் அன்னாசிச் சாற்றையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பச்சைச் சாறு பலன் தந்தது, கொதிக்கவைத்த சாற்றுக்கு அந்தப் பலன் இல்லை. சூடு நொதியைக் கொன்றுவிடும். டின்னில் அடைத்த அன்னாசியும் சூடுபடுத்தியதுதான். குளூட்டனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதால், புட்டியில் மூன்று பெயரையும் ஒன்றாகப் போட்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. பெருங்குடல் அழற்சியில் எலிக்கு நடந்ததைக் காட்டிச் சிறுகுடல் நோயுள்ள குழந்தைக்கு விற்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் இப்படிப்பட்ட மாத்திரைகளில் 14-ஐ எடுத்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சீலியாக்காரர்களுக்கு இவை ஆபத்தாகவே முடியலாம் என்பது அவர்கள் தலைப்பிலேயே இருந்தது. மாத்திரை போட்டோமே என்ற தைரியத்தில் ரொட்டி தின்றுவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து. குட்டிக்கு வயிறு வலிக்காமல்கூடப் போகலாம், உள்ளே குடலுறிஞ்சி தேய்ந்துகொண்டிருக்கும்.

இதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு, இது வடக்கத்தி நோய்தானே என்று தோன்றலாம். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். வேலூர் சி.எம்.சி.யும் டெல்லி எய்ம்ஸும் அசாம் மருத்துவர்களும் சேர்ந்து மூன்று வட்டாரங்களில் 23,331 பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. ஆனால் டி.க்யூ.2, டி.க்யூ.8 மரபணு உள்ளவர்கள் மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவர். தெற்கில் சராசரிக் கோதுமை உணவு நாளுக்கு 25 கிராம், வடக்கில் 455. மரபணு நம்மிடமும் இருக்கிறது. சோறு சாப்பிட்டதால் பெரும்பாலும் அது சும்மா இருந்தது. இப்போது சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்தி, காலையில் ரவை உப்புமா, சேமியா, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் என்று நம் வீடுகளிலும் கோதுமை ஏறிக்கொண்டே இருக்கிறது. தீராத ரத்தச்சோகையோடும் பேதியோடும் வரும் பிள்ளைக்கு இந்தச் சோதனையையும் நினைக்க வேண்டிய காலம் நமக்கு வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அக்காவுக்கு: இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது முன்னால் கோதுமை அரைத்த இயந்திரமா என்று கேள். பெருங்காயத்தை மறக்காதே. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பின்பக்கம் படித்து வாங்கு. குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த வாசகம் இருக்கிறதா பார்.

இன்னும் சோதனை செய்யாத, ஆனால் சந்தேகம் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. எந்த நொதி மாத்திரையும் வாங்க வேண்டாம், கோதுமையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் ரத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, நோய் இருந்தும் சோதனையில் இல்லை என்று வரும். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே முதலில் டி.டி.ஜி. பார்த்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு உறுதியாகியிருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் உபாதை ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்க்கவேண்டும். அக்காவும் மச்சானும் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. இந்த வாரம் போகச் சொல்லியிருக்கிறேன்.